பின் பெஞ்சு

ஜனவரிக் காற்று கோயில் கூரையைப் பிய்த்தெடுத்தது.
பூர்ச்ச மரப்பட்டையும் அதன்மேல் வளர்ந்திருந்த புல்லும்
ஒரே இரவில் பரோயே கடலுக்குள் போயின.
விடிந்ததும் ஆடுகள் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தன,
எட்டாத மேய்ச்சலையும் எவனோ களவாடிவிட்டதுபோல.

என் கணவன் ஹானுஸ் லுத்தரன்.
போதகரின் படகு வராத ஞாயிறுகளில்
பிரசங்கம் வாசிப்பவன்.
என் தம்பி த்ரோண்டுர் பிரதரன் சபை.
பத்தொன்பது வயதில், மார்ச் மாதக் கடலில்
தலை முங்க மூழ்கி எழுந்து
உதடு நீலமாகச் சிரித்துக்கொண்டு கரைக்கு வந்தவன்.
குழந்தையின் தலையில் விழும் மூன்று துளி
அவனுக்கு வெறும் தண்ணீர்.
ஹானுஸுக்கு
கடல் முழுவதும் அந்த மூன்றுக்குள்.

இருபத்தாறு வருஷமாக ஒரே படகில்
காட் மீனுக்குத் தூண்டில் இறக்கிக்கொண்டே
இதைத்தான் பேசுகிறார்கள்.
ஒருநாள் வசனத்தைத் தேடுகிற மும்முரத்தில்
நங்கூரத்தை மறந்தார்கள்.
படகு பாறையில் இடித்து ஒரு பலகை போனது.
அதற்கும் ஆளுக்கொரு வியாக்கியானம்.

கூரை போன வாரம் த்ரோண்டுர் சாவியோடு வந்தான்.
"எங்கள் கூடத்துக்கு வாருங்கள். தகரம்தான், ஒழுகாது."
கதவருகிலேயே நின்றான்.
"ஆனால் அப்பம் பிட்கும்போது..."
"தெரியும். தட்டை என்னிடம் நீட்ட வேண்டாம்."
"நீட்ட முடியாது, ஹானுஸ்."
"தெரியும் என்றேனே."
நான் இருவர் முன்னும் காப்பியை வைத்தேன்,
கொஞ்சம் சத்தமாகவே.

அந்த ஞாயிறு பின் பெஞ்சில் பதினோரு பேர் நாங்கள்.
பலிபீடம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை.
வெள்ளைத் துணி விரித்த மேசை, ஒரு ரொட்டி.
சுட்டவள் தம்பி மனைவி மார்யுன்.
மாவு தீர்ந்துபோய்
முந்தின நாள் என் டப்பாவிலிருந்துதான் அள்ளிப் போனாள்.
தட்டு வரிசை வரிசையாக வந்தது.
எங்களுக்கு முந்தைய பெஞ்சோடு நின்றது.
ஏந்தி வந்தவன் என் தம்பி.
புயலில் பாய்மரக் கயிற்றை விடாத கை,
அந்தத் தட்டின் கீழே நடுங்கிற்று.
ஹானுஸ் தலை குனிந்திருந்தான்.
கோபமா ஜெபமா, எனக்கே பிடிபடாத குனிவு.

தட்டை மேசையில் வைத்துவிட்டு
முன்வரிசையில் தன் இடத்துக்குப் போகவில்லை த்ரோண்டுர்.
கூடம் முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்க்க
பின்னால் நடந்து வந்து
என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி
ஹானுஸின் தோளோடு தோள் இடிபட அமர்ந்தான்.
கடைசிப் பாட்டுக்கு இருவருக்கும் ஒரே புத்தகம்.
ஒருவன் கட்டையில், ஒருவன் சுருதி விலகி.

இதை நான் சமாதானம் என்று சொல்லமாட்டேன்.
அன்று மாலையே என் அடுப்படியில்
ரோமர் ஆறாம் அதிகாரத்தை விரித்து வைத்து
மீன் சூப் ஆறிப்போகும்வரை
இருவரும் இழுபறி.

ஏப்ரலில் கூரை வேலை.
முதலில் ஏணி ஏறியவன் அவன்தான்.
ஞானஸ்நானத் தொட்டிக்கு நேர் மேலே
உத்தரத்தில் குந்தி மரப்பட்டை அடுக்கியவன்
கீழே பார்த்துக் கத்தினான்:
"இதற்குள் ஒரு துளி ஒழுகினாலும் என்னைக் கேள்!"
ஹானுஸ் ஆணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே,
"மூன்று துளி மட்டும் விடு, போதும்."
சுத்தியல்கள் நின்றன.
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.

புதுக்கூரையின் கீழ் முதல் திருவிருந்துக்கு
போதகர் எல்லோரையும் அழைத்தார்.
த்ரோண்டுர் உள்ளே வரவில்லை.
புதிதாகப் பதித்த புல்லின்மேல் ஆடு ஏறிவிடாமல்
ஆராதனை முடியும்வரை வெளியே காவல் நின்றான்.
ஜன்னல் வழியே அவன் அதட்டல் கேட்டது,
விசுவாசப் பிரமாணத்தின் நடுவில்.

எனக்கும் இதில் ஒரு முடிவு உண்டு.
உறுதியான முடிவு.
இருவரும் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

நேற்று விடியற்காலை படகைத் தள்ளினார்கள்.
"நங்கூரம்!" என்று கரையிலிருந்து கத்தினேன்.
கேட்டதோ என்னவோ.
அதற்குள் இரண்டு வாயும் அசையத் தொடங்கியிருந்தன.